தோஆய்: மலைக்குள் நிற்கும் ரயில்

ஆகஸ்ட் 10, தகாசாகி

நாளை தோஆய் போகிறேன். ஜப்பானின் குன்மா மாகாணத்தில், தனிகவா மலையின் அடியில் இருக்கும் ஆளில்லா நிலையம். ஒரு திசைக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு ரயில்கள்தான். திரும்பும் ரயிலின் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 11, மினாகாமி

இன்று மலை நாள், அரசு விடுமுறை. வண்டியில் பாதிப் பேர் மலையேறுகிறவர்கள். சுரங்கத்துக்குள் நுழைந்த ரயில் உள்ளேயே நின்றது. கதவு திறந்ததும் ஆகஸ்ட் வெயில் மறந்துபோகும் அளவுக்குக் குளிர்.

நடைமேடையிலிருந்து மேலே 462 படிகள், வளைவே இல்லாமல். அண்ணாந்து பார்த்தால் உச்சியில் சிறு வெளிச்சம். நடுநடுவே உட்கார பெஞ்சு போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் மின்படிக்கட்டுக்கென விட்ட இடம் இன்றும் காலியாகவே கிடக்கிறது. ஏறி முடித்தால் யுபிசோ ஆற்றின் மேல் மூடிய நடைபாதை, அப்புறம் இன்னும் 24 படிகள். எனக்கு முன்னால் ஏறிய முதியவர் எங்கேயும் உட்காரவில்லை. அவருக்கு இது மலையேற்றத்தின் தொடக்கம் மட்டுமே.

இரவு

இவ்வளவு ஆழத்தில் ஏன் நிலையம் கட்டினார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. யாரும் அப்படித் திட்டமிடவில்லை. 1931இல் 9,702 மீட்டர் நீள ஷிமிசு சுரங்கம் திறந்தபோது இது ஒற்றைப் பாதை. எதிரெதிர் வண்டிகள் வழிவிட்டுக்கொள்ளும் இடமாகத்தான் தோஆய் பிறந்தது. 1936இல் பயணிகள் நிலையமானது. அந்தக் காலத்தில் சுரங்கத்தின் நீளத்தைக் குறைக்க, ரயிலை மலையில் சுற்றி ஏறவைத்து, உயரத்தில் குடைந்தார்கள். 1967இல் இரண்டாம் பாதை வந்தபோது சுற்ற வேண்டியிருக்கவில்லை. 13 கிலோமீட்டருக்கு மேல் நீளமான புதிய சுரங்கத்தைத் தாழ்விலிருந்தே குடைந்துவிட்டார்கள். அதனால் வடக்கே நாகாவோகா நகரப் பக்கம் போகும் ரயிலுக்கு மட்டும் நடைமேடை சுமார் 70 மீட்டர் கீழே போனது. டோக்கியோ பக்கம் போகும் ரயில் இன்றும் மேலே, பழைய பாதையில்தான் வருகிறது.

எனக்கு மிகப் பிடித்த செய்தி இது: ஊழியர்கள் இருந்த நாட்களில், கீழ் நடைமேடை ரயிலுக்கு டிக்கெட் வாயிலைப் பத்து நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். அதற்குப் பின் இறங்கினால் வண்டியைப் பிடிக்க முடியாது. எவ்வளவு அக்கறையான விதி!

1982இல் அதிவேக ரயிலான ஷின்கான்சென் வந்து தொலைதூரப் பயணிகளைக் கொண்டுபோனது. 1985இல் தோஆயில் ஊழியர்கள் இல்லாமல் போனார்கள்.

ஆகஸ்ட் 12, ரயிலில்

பழைய அலுவலக அறை இப்போது காபிக் கடை. ஊழியர்கள் இருந்த அறையில் மறுபடி மனிதக் குரல் கேட்பது நல்லதுதான்.

திரும்பும் ரயில் பழைய பாதையில் வட்டமடித்து இறங்குகிறது. அடுத்த நிறுத்தமான யுபிசோ, ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தில் தெரிகிறது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அங்கேயே போய் நிற்கிறோம். தோஆய் வருபவர்கள் காரில் வந்து படியை மட்டும் பார்த்துவிட்டுப் போக வேண்டாம். சுரங்க ரயிலில் வந்து, இந்த ரயிலில் திரும்புங்கள். இரண்டு காலத்துப் பொறியாளர்கள் ஒரே மலையை எப்படிக் கடந்தார்கள் என்பது அப்போதுதான் புரியும்.