பாமினிப் பக்கங்களுக்காக ஒரு கொள்கலன்

யாழ்ப்பாணத்து அச்சகத்தில் எந்த வேலைக்கும் தவணை சொல்லலாம், நினைவு மலருக்கு மட்டும் முடியாது. இறந்தவருக்கான 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அது கையில் இருந்தாக வேண்டும். நான் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அச்சகத்தில், மலர்களுக்கான தேவாரப் பக்கங்கள் யாவும் ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் 1.4ஆம் பதிப்பில் பாமினி எழுத்துருவில் கோக்கப்பட்டவை. அந்தப் பதிப்பில் ஒருங்குறித் (யூனிகோட்) தமிழ் சிதைந்துபோகும். பாமினியோ ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பது, அதனால் தப்பித்தது.

பழைய கணினி ஓய்ந்து, உபுண்டு 22.04 இயங்குதளத்தோடு புதியது வந்தது. அதிலுள்ள ஸ்கிரைபஸ் 1.5.8 அந்தக் கோப்புகளைத் திறந்தாலும் வரிகள் நகர்ந்துவிட்டன. பழையதை நேரே ஓட்டவும் வழியில்லை. அதன் சாளரங்களை வரைய வேண்டிய கியூடி 4 நிரலகத்தை உபுண்டு 20.04இலேயே நீக்கிவிட்டார்கள். ஆகவே, ஒரு கணினிக்குள் தனித்த சூழலில் நிரல்களை ஓட்டவிடும் டொக்கரில், உபுண்டு 18.04 கொள்கலன் (அப்படியொரு தனிச் சூழல்) ஒன்றை அமைத்து, முன்பு மூலநிரலிலிருந்து தொகுத்து வைத்திருந்த 1.4.8ஐ வன்தட்டிலிருந்து எடுத்து அதனுள் வைத்தேன். அதன் சாளரத்தை வெளியே திரையில் காட்ட, லினக்ஸின் திரை அமைப்பான எக்ஸ்11இன் சொக்கெட்டை (இணைப்பு வாயிலை) உள்ளே இணைத்து அனுமதி கொடுத்தால் போதும்.

இல்லாதவற்றைத் தேடுவதுதான் உண்மையான வேலை. ஒரு நிரலுக்கு வேண்டிய நிரலகங்களைப் பட்டியலிடும் எல்டிடி கட்டளை, கியூடி 4 உட்பட, கிடைக்காதவற்றைப் பெயர் சொல்லிக் காட்டியது. அது நல்ல பிழை. பெயர் தெரிந்தால் நிறுவிவிடலாம். ஆனால் ஓடத் தொடங்கிய பின் ஏற்றப்படும் செருகுநிரல்களுக்கு என்ன வேண்டும் என்பதை அது சொல்லாது. போஸ்ட்ஸ்கிரிப்ட், பிடிஎஃப் கோப்புகளைக் கையாள, தனி நிரலாக அழைக்கப்படும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் இல்லை என்பதையும் சொல்லாது; ஸ்கிரைபஸ் திறந்த பிறகு அதுவே முறையிட்டது.

எழுத்துரு இன்னும் மோசம். பாமினி இல்லாவிட்டால் ஸ்கிரைபஸ் வேறு எழுத்துருவைக் கேட்கும். எதையாவது கொடுத்தால் தேவாரம் முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். அதையாவது யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். பாமினி என்ற அதே பெயரில், அகலம் சற்றே வேறுபட்ட இன்னொரு கோப்பு உள்ளே இருந்தால் எந்த எச்சரிக்கையும் வராது. பக்கம் அழகாகவே தெரியும். தட்டச்சு செய்யும் அக்கா பழைய மலரைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, “தம்பி, இந்த அடி இங்கே முறியக்கூடாது” என்றார். எந்தக் கட்டளையும் அதைச் சொல்லியிராது. பழைய வன்தட்டின் எழுத்துருக் கோப்புறையை அப்படியே இணைத்ததும் வரிகள் தம் இடத்துக்குத் திரும்பின.

கியூடி 4இன் கடைசி வெளியீடான 4.8.7 வந்தது 2015இல். அதன் பிறகு திருத்தம் இல்லாத ஒன்றை வலையோடு சேர்த்து வைக்க எனக்கு மனமில்லை. கொள்கலனின் வலையிணைப்பை அறுத்துவிட்டேன். பிடிஎஃப் மட்டும் பொதுக் கோப்புறை வழியே வெளியே வருகிறது. கோப்புகள் ரூட் எனும் நிர்வாகிக் கணக்கின் உரிமையாகி அக்காவுக்குப் பூட்டிக்கொள்ளாதபடி அவருடைய பயனர் எண்ணிலேயே ஓட்டுகிறேன். புதிய கட்டுரைகளை 1.5.8இல் ஒருங்குறியிலேயே கோக்கிறோம். தேவாரங்களையும் மாற்றிவிடலாமா என்று அக்காவிடம் கேட்க, மலர் வேலை குறைந்த மாதம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.