பெட்டி பழசு, உள்ளே புதுசு

2025 நவம்பர் 8, சனி

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. என்னிடம் இருப்பது 2014-இல் வந்த இன்டெல் ஐ5-4460 பிராசஸர் உள்ள கணினி, நான்காம் தலைமுறை. விண்டோஸ் 11 ஏற வேண்டுமென்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். ஓராண்டுக்குக் கூடுதல் பாதுகாப்பு தருகிறார்கள். அதுவும் 2026 அக்டோபரில் முடிந்துவிடும். ஆக, புதுக் கணினி வேண்டும்.

எனக்குச் சோறு போடுவது புத்தக வடிவமைப்பு. பழைய தமிழ் நூல்களை ஸ்கேன் செய்து, கறை நீக்கி, மறுபதிப்புக்குப் பக்கம் கட்டித் தருகிறேன். 600 டிபிஐயில் எடுத்த பக்கங்களை மொத்தமாகத் திறந்தால் 8 ஜிபி ரேம் மூச்சு வாங்குகிறது. இதன் எச்81 மதர்போர்டில் 16 ஜிபிக்கு மேல் ஏற்றவும் முடியாது.

இத்தனை வருஷத்தில் அந்தக் கணினிக்கு எது போனாலும் நானே மாற்றியிருக்கிறேன். 4 ஜிபி 8 ஆனது. ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்துக்கு எஸ்எஸ்டி வந்தது. ஒருமுறை தினமும் தேதி பின்னுக்குப் போய், வங்கித் தளம் எதுவும் திறக்காமல் அடம்பிடித்தது. போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றியதும் சரியாகிவிட்டது. வீட்டில் "லேப்டாப்பா வாங்கிடுங்களேன்" என்கிறார்கள். இன்றைய மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமையே போர்டோடு சேர்த்து பற்றவைத்துவிடுகிறார்கள். ஒரு பாகம் போனால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்ற முடிய வேண்டும். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பாகங்களை வாங்கி நானே கட்டப்போகிறேன். நாள் முழுக்க அதற்கான பட்டியல்தான்.

பிராசஸர்: ஏஎம்டி ரைசன் 5 8600ஜி. 6 கோர், 12 திரெட், 65 வாட். உள்ளேயே ரேடியான் 760எம் இருப்பதால் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். நான் கேம் ஆடுவதில்லை, மகளும் ஆடுவதில்லை. பெட்டியிலேயே கூலரும் வருகிறது. போர்டு: பி650 சிப்செட், மைக்ரோ ஏடிஎக்ஸ். 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. மின்சாரம் தர 550 வாட் எஸ்எம்பிஎஸ், 'பிரான்ஸ்' (வெண்கலம்) தரம். கிராபிக்ஸ் கார்டு இல்லாத இந்தக் கணினிக்கு 550 தாராளம். ஆனாலும் எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அது கெட்டுப்போகும்போது மற்றவற்றையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

தலைவலி ரேம்தான். கோடையில் விசாரித்த டிடிஆர்5 விலை இப்போது ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான எச்பிஎம் என்ற அதிவேக நினைவகத்தில் லாபம் அதிகம். நினைவகம் செய்யும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றுமே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டதால் நம் போன்ற ஆட்களுக்கு வருவது குறைந்துவிட்டது.

இப்போதைக்கு 16 ஜிபி ஒன்று போட்டு, பிறகு இன்னொன்று வாங்கலாமா என்று யோசித்தேன். பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதி ரேமையே நம்பி ஓடுவதால் ஒற்றை ரேமில் அதன் வேகம் நன்றாகவே விழும். 8 ஜிபி இரண்டு போட்டு, பிறகு இன்னும் இரண்டு? ஏஎம்5 (இந்தப் பிராசஸர் உட்காரும் சாக்கெட்) போர்டில் நான்கு ரேம் செருகினால் ஏஎம்டி உத்தரவாதம் தரும் வேகம் 3600 வரைதான். ஆக, 16 ஜிபி இரண்டையும் ஒரே ஜோடியாக இப்போதே வாங்குவதுதான் சரி. அந்தப் பணத்துக்காகப் புதுக் கேபினெட்டைப் பட்டியலிலிருந்து வெட்டினேன்.

பழைய கேபினெட்டே போதும். ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையை இன்டெல் கொண்டுவந்தது 1995-இல். திருகு துளைகள் எங்கே வர வேண்டும் என்று அன்று வகுத்த கணக்கில்தான் இன்றைய போர்டும் வருகிறது. இவ்வளவு வேகமாக மாறும் ஒரு தொழிலில், 30 வருஷமாக ஒரு துளையைக்கூட நகர்த்தாமல் வைத்திருக்கிறார்களே! யோசிக்க யோசிக்க எனக்கு அவர்கள்மீது மரியாதை கூடுகிறது.

நவம்பர் 15, சனி

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவுக்கு நடந்தேன். மகளும் வந்தாள். தோளோடு தோள் உரசும் கூட்டம், நடுவே பெட்டி அடுக்கிய கைவண்டி, "என்ன சார் வேணும், சிசிடிவியா, பிரிண்டரா" என்ற குரல்கள். அவள் ஒவ்வொரு கடையாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

முதலில் ஏறிய கடையில் ஒரு விலை சொல்லிவிட்டு, "பில் வேணும்னா ஜிஎஸ்டி தனி சார்" என்றார்கள். நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். 18 சதவீதம் மிச்சம் என்று தோன்றும். நாளைக்கு வாரன்ட்டி கேட்டுப் போய் நிற்க அந்தக் காகிதம்தான் வேண்டும். வாங்கிய கடையில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் பில்லில் அடித்துத் தந்தார்கள். கேட்காமலே செய்தார்கள்.

கடைப் பையன் ரேம் பெட்டியை எடுத்துக்கொண்டே, "அண்ணே, நேத்து வாங்கியிருந்தா கம்மிண்ணே. டெய்லி ஏறுது" என்றான். யுபிஎஸ்ஸுக்கு 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி ஒன்று, முன்பக்கத்துக்கு 120 மிமீ விசிறி ஒன்று. அதோடு முடித்துக்கொண்டோம்.

நவம்பர் 16, ஞாயிறு

பழைய போர்டைக் கழற்றிவிட்டு, கேபினெட்டை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினேன். விசிறி வழியாக உள்ளே வந்த தூசி கடற்காற்று ஈரத்தில் மாவுபோல அப்பிக்கிடந்தது. முன்பக்கச் சல்லடையில் கொசுவலைத் துணி ஒன்றை வெட்டி ஒட்டினேன்.

பிராசஸரை உட்காரவைக்கும் வேலையை மகளுக்குக் கொடுத்தேன். ஏஎம்5-இல் ஊசிகள் பிராசஸரில் இல்லை, போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன: 1718. ஒன்று வளைந்தாலும் போர்டு போச்சு. மூலையில் உள்ள சின்ன முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, அழுத்தாமல், அப்படியே வைக்க வேண்டும். வைத்தாள். சாக்கெட்டைப் பூட்டும் கம்பியை இறக்கும்போது ஒரு நெரிகிற சத்தம் வரும், முதல்முறை கேட்பவர்கள் எல்லோரும் கையை எடுத்துவிடுவார்கள். "அப்பா, உடைஞ்சிடுச்சா?" என்றாள். "இல்லம்மா, அது அப்படித்தான் கத்தும். அழுத்து." அழுத்தியதும் மேலே இருந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானே தெறித்து வந்தது. அந்த மூடியைத் தூக்கிப் போடக் கூடாது. போர்டை வாரன்ட்டிக்கு அனுப்ப நேர்ந்தால் சாக்கெட்டை மூடி அனுப்ப அது வேண்டும். பில்லோடு கவரில் போட்டுவிட்டேன்.

கூலரின் நான்கு திருகுகளையும் குறுக்கும் நெடுக்குமாக, ஒவ்வொன்றையும் இரண்டு சுற்றாக முடுக்கினோம். ஒரே பக்கமாக முடுக்கிக்கொண்டு போனால் கூலர் சாய்ந்து, வெப்பம் கடத்தும் பேஸ்ட் ஒருபக்கம் ஒதுங்கிவிடும். ரேம் இரண்டும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில். கேபினெட்டின் பித்தளைக் கால்கள் மேல் போர்டை வைத்தோம். எல்லாத் துளையும் நேராக உட்கார்ந்தது! பவர் பட்டன் ஒயர்கூட அதே பழையதுதான், அப்படியே புதுப் போர்டில் ஏறியது.

சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு. போர்டில் ரேமுக்கான மஞ்சள் விளக்கு மட்டும் எரிகிறது. மகள் முகம் வாடிவிட்டது. டிடிஆர்5-ஐ முதல்முறை ஏற்றும்போது போர்டு ஒவ்வொரு தடத்தின் நேரத்தையும் சோதித்துப் பார்த்துத் தனக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளும். அதற்குச் சில நிமிடம் பிடிக்கும், அதுவரை ஒன்றும் தெரியாது. பலர் இந்த இடத்தில்தான் பயந்துபோய் மின்சாரத்தை நிறுத்தி, ரேமைக் கழற்றி மாட்டுகிறார்கள். தொடாமல் விட்டுவிட்டுக் காபி குடியுங்கள். நாங்கள் குடித்து முடிப்பதற்குள் பயாஸ் திரை வந்தது. 32 ஜிபி, 4800 வேகம். ரேமை அதன் முழு வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்போ அமைப்பை இயக்கியதும் இன்னொரு முறை அதே காத்திருப்பு. அப்புறம் 6000.

நவம்பர் 17, திங்கள்

விண்டோஸ் 11 ஏற்றியாயிற்று. தமிழ் 99 விசைப்பலகை அதிலேயே இருக்கிறது. எழுத்துருக்கள், அடோபி, பழைய எஸ்எஸ்டியிலிருந்து கோப்புகள். மாலையாகிவிட்டது.

நவம்பர் 22, சனி

கேபினெட்டின் பின்பக்கத் தகரத்தில் புறங்கை பட்டால் சுருக்கென்றது. பழைய எஸ்எம்பிஎஸ் இருந்தபோதும் அப்படித்தான். அதைப் பழுது என்றே நினைத்துவந்தோம். புதியதிலும் வருவதால் ஆராய்ந்தேன். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே, வரும் மின்சாரத்தில் உள்ள இரைச்சலை வடிகட்ட, கேபினெட்டின் உலோகத்தோடு இணைத்த சின்னக் கெபாசிட்டர்கள் உண்டு. எர்த் ஒழுங்காக இருந்தால் அதில் கசிவது மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் நம் கைக்கு வரும். எலக்ட்ரீஷியன் வந்து பிளக் பாயின்ட்டைத் திறந்தார். மூன்றாவது துளைக்கு எர்த் ஒயரே மாட்டவில்லை, சுவருக்குள் சும்மா மடக்கி விட்டிருக்கிறார்கள். மாட்டினார், சுருக் நின்றது. பழைய வாடகை வீடுகளில் இருப்பவர்கள் புதுக் கணினி வாங்கும் முன் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

டிசம்பர் 1, திங்கள்

டிட்வா புயலின் மிச்சம். காலையிலிருந்து சென்னையில் மழை கொட்டுகிறது. கரண்ட் வந்து வந்து போனது. யுபிஎஸ்ஸில் புது பேட்டரி நன்றாகவே தாங்கியது, ஒவ்வொரு முறையும் கோப்பைச் சேமித்து நிதானமாக அணைக்க முடிந்தது. அச்சகத்துக்குப் போக வேண்டிய நூலின் பக்கங்கள் அத்தனையும் ஒரே கோப்பாகத் திறந்திருந்தன. உருட்டினால் தயங்காமல் ஓடுகிறது.

டிசம்பர் 4, வியாழன்

மைக்ரான் தன் குருஷியல் பிராண்டை மூடப்போவதாக நேற்று அறிவித்திருக்கிறது. 2026 பிப்ரவரி வரைதான் கடைகளுக்கு அனுப்புவார்களாம். பழைய கணினிக்கு நான் போட்ட எஸ்எஸ்டி குருஷியல் எம்எக்ஸ்500, இன்றுவரை ஒரு குறை வைக்கவில்லை. வீட்டில் தாமே ரேமும் எஸ்எஸ்டியும் மாற்றிக்கொள்பவர்களை நம்பி நடந்த ஒரு பிராண்ட். மைக்ரானுக்கு இனி நாம் வேண்டாம் என்பதுதான் இதற்கு அர்த்தம். கோபமாக வருகிறது. விலை இறங்கும் என்று காத்திருப்பவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவசரம் இல்லாதவர்கள் இருப்பதைத் துடைத்து வைத்து ஓட்டுங்கள்.

டிசம்பர் 13, சனி

பழைய போர்டு, ஐ5, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி ஆகிய நான்கும் ஒரு செகண்ட்ஹேண்ட் கேபினெட்டுக்குள் போயின. எஸ்எம்பிஎஸ் மட்டும் புதிதாக ஒன்று, பட்டன் பேட்டரியும் புதிது. கோப்புகளை முழுதாக அழித்துவிட்டு லினக்ஸ் மின்ட் ஏற்றினேன். அதற்கு எட்டாம் தலைமுறை எல்லாம் வேண்டாம். பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கும் தம்பி மகன் வந்து பைக்கில் கட்டிக்கொண்டு போனான்.

புதுப் போர்டைப் பொறுத்தவரை, ஏஎம்5 சாக்கெட்டை 2027-க்கும் அப்பால் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. வேலை கூடினால் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இரவு தம்பி மகன் போன் செய்தான். "பெரியப்பா, இதுல தமிழ் எப்படி அடிக்கிறது?" மொழி மாற்றித் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ்ஸைத் திறந்து தமிழ் 99-ஐச் சேர்க்கச் சொன்னேன். சேர்த்துவிட்டான். அடுத்த சனிக்கிழமை ரேம் 16 ஆக்க வருகிறானாம். பழைய டிடிஆர்3 ரிச்சி தெருவில் கிடைக்கிறது, கூடவே போக வேண்டும்.