ஏற்காட்டில் மாதிரி எடுத்து, சேலத்தில் ஓட்டுவது: முடக்கு வாதமும் ஹெச்பிவியும்

முடக்கு வாதத்துக்கும் கர்ப்பப்பை வாய்த் தொற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று எல்லோரும் கேட்பார்கள். வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட், ஸ்டீராய்டு என்று சாப்பிடும் பெண்களுக்கு எதிர்ப்பு சக்தி மட்டுப்படும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஹெச்பிவி வைரஸ் உடம்பை விட்டுப் போகாமல் தங்கிவிட வாய்ப்பு கூடும். அதனால் ஒரே ஆளிடம் ரத்தத்தில் எச்எல்ஏ மரபணுவையும் (எதிர்ப்பு சக்தியோடு சம்பந்தப்பட்டது, ஆளுக்கு ஆள் மாறும்), கர்ப்பப்பை வாய்ச் செல்லில் வைரஸ் டிஎன்ஏவையும் பார்க்கிறோம். மாதிரி எடுப்பது ஏற்காட்டில், ஓட்டுவது சேலத்தில். டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் மெஷின்மேல் பழிபோடும் கோளாறுகளில் பாதிக்கு மேல், 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அந்தப் பக்கம், மலையிலேயே நடந்து முடிந்தவை.

முதல் சிக்கல் யாரைச் சேர்ப்பது என்பது. எஸ்டேட்டில் வேலை செய்பவர்களில் மூட்டு வலி இல்லாதவரைத் தேடத்தான் வேண்டும். சிக்குன்குனியா வந்து போனவர்களுக்கு மாதக்கணக்கில் விரல் மூட்டு வீங்கியிருக்கும்; பார்வைக்கு அப்படியே முடக்கு வாதம். முடக்கு வாதத்தை மதிப்பெண் போட்டு உறுதிசெய்யும் 2010ஆம் ஆண்டின் ஏசிஆர்–யூலார் அளவுகோலில் 10க்கு 6 வந்தால்தான் சேர்க்கிறோம். ரத்தப் பரிசோதனைகளில் ஆன்டி-சிசிபி பார்க்காமல் ஆர்ஏ ஃபேக்டரை மட்டும் நம்பினால் வேறு நோய்களும் உள்ளே வந்துவிடும். ஒப்பீட்டுக் குழுவை இன்னும் கவனமாக எடுக்க வேண்டும். நோயாளிகள் ஏற்காடு மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், நோயில்லாதவர்கள் சேலம் டவுன் ரத்த வங்கியில் கொடுத்தவர்கள் என்று வைத்தால், கடைசியில் தெரியும் வித்தியாசம் நோயுடையதா, இரண்டு சமூகங்களுடையதா என்று பிரிக்க முடியாது. எச்எல்ஏ வகைகள் சமூகத்துக்குச் சமூகம் மாறும். அக்கா தங்கை, மாமன் மகள் என்று சொந்தங்களை வரிசையாகச் சேர்த்தாலும் கணக்கு கெடும். சின்ன ஊரில் கேட்டால்தான் உறவு தெரியும்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். கைநாட்டு வைப்பவருக்கு எங்கள் குழுவைச் சேராத ஒரு சாட்சி வேண்டும். மரபணுவுக்கும் வைரஸுக்கும் தனித்தனி ஒப்புதல்: ரத்தம் கொடுப்பேன், உள்ளே பார்க்க வேண்டாம் என்பவர்களும் உண்டு. காபி பறிக்கும் மாதங்களில் பகலில் யாரும் வரமாட்டார்கள். கூலி போகும், வரச்சொல்வது நியாயமுமில்லை.

கர்ப்பப்பை வாய் மாதிரி எடுக்குமுன் 48 மணி நேரத்துக்குப் பிறப்புறுப்பில் எந்தக் களிம்பும் கூடாது. மாதவிலக்கு நாளும் ஆகாது. உள்ளே விரித்துப் பார்க்கும் கருவியான ஸ்பெகுலத்தில் வழுக்கும் ஜெல் தடவாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்தால் போதும். ஜெல் ஒட்டினால் பிசிஆர் படுத்துவிடும். அதே அமர்வில் அசிட்டிக் அமிலப் பரிசோதனையும் இருந்தால் பிரஷ் முதலில், அமிலம் பிறகு. பிரஷை ஒரே திசையில் 5 முறை சுற்றி, திரவக் குப்பியின் அடியில் அழுத்திக் கலக்க வேண்டும். சளி நிறைய ஒட்டியிருந்தால் செல் குறைவாகத்தான் இறங்கும். மெத்தனால் கலந்த அந்தத் திரவத்துக்கு ஐஸ் வேண்டாம். அறை வெப்பத்தில் வாரக்கணக்கில் தாங்கும். வெயிலில் நிற்கும் ஜீப்பில் மட்டும் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும் பொருள்.

ரத்தத்துக்கு ஊதா மூடி ஈடிடிஏ குழாய். பச்சை மூடியில் ஹெப்பரின், அது பிசிஆருக்கு விஷம். 4 மில்லி வேக்யூம் குழாய் கீழே சேலத்தில் நிரம்பும் அளவுக்கு ஏற்காட்டில் நிரம்பாது. உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. டெக்னீஷியன் பதறி இன்னொரு முறை குத்த வேண்டியதில்லை. 8–10 முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்தால் உறையாது. குலுக்கினால் சிவப்பணு உடையும். ஐஸ் பேக்கில் குழாய் நேராக ஒட்டினால் ரத்தம் பனிக்கட்டியாக உறைந்து அணு வெடிக்கும், நடுவே அட்டையோ துணியோ வைக்க வேண்டும். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் குப்பனூர் வழியாகச் சுற்றித்தான் இறங்க வேண்டியிருக்கும். ஐஸைக் கூடுதலாகவே எடுத்துப் போவது நல்லது.

டிஎன்ஏ பிரிக்க உப்பு முறையே போதும், செலவும் குறைவு. சிவப்பணுவை உடைத்துக் கழுவும்போது அடியில் தங்கும் வெள்ளை உருண்டை இளஞ்சிவப்பாக இருந்தால் இன்னொரு கழுவு. சிவப்பணுவின் நிறப்பொருளான ஹீம் மிஞ்சினால் பிசிஆர் ஓடாது. செல்லை உடைக்க எஸ்டிஎஸ், புரதத்தைச் சிதைக்க புரோட்டினேஸ் கே போட்டு 37 டிகிரியில் இரவு முழுக்க வைத்து, 6 மோலார் உப்புக் கரைசல் ஊற்றி 15 வினாடி பலமாகக் குலுக்க வேண்டும். இங்கே மென்மை உதவாது, புரதம் இறங்காது. மேல்திரவத்துக்கு இரு மடங்கு எத்தனால் ஊற்றினால் நூலாகத் திரளும். 70 சதவீத எத்தனாலில் கழுவியபின் நன்றாக உலர விடுங்கள். எத்தனால் மிஞ்சினால், டிஎன்ஏவை ஓட்டிப் பார்க்கும் ஜெல்லின் குழியில் விட்ட டிஎன்ஏ அங்கே தங்காமல் மிதந்து வெளியே வரும். அப்படி மிதந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். டிஎன்ஏ சுத்தமா என்று காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 1.8 அருகே இருக்கட்டும்.

ஹெச்பிவிக்கு எம்ஒய்09, எம்ஒய்11 பிரைமர்கள் (எந்தத் துண்டைப் பெருக்குவது என்று குறிக்கும் சிறு டிஎன்ஏக்கள்). வைரஸின் எல்1 மரபணுவில் சுமார் 450 பேஸ் நீளத் துண்டு ஜெல்லில் பட்டையாக வரும். கூடவே மனிதச் செல்லில் எப்போதும் இருக்கும் பீட்டா குளோபின் மரபணு, 268 பேஸ். குளோபின் பட்டை வராத மாதிரியை ‘நெகட்டிவ்’ என்று எழுதக் கூடாது. செல்லே விழவில்லை அல்லது ஏதோ தடுக்கிறது. திரும்ப எடுக்க வேண்டும். தண்ணீர் மட்டும் வைத்த குழாயில் பட்டை வந்தால் அன்றைய ஓட்டம் முழுக்கக் குப்பைக்கு. பழைய பிசிஆர் பொருள் காற்றில் பறந்து கலப்பதுதான் இதற்கு வழக்கமான காரணம். கலவை போடும் அறையும் ஜெல் ஓட்டும் அறையும் வேறு வேறு, பிப்பெட்டும் கோட்டும் வேறு. ஜெல் அறைக்குப் போனவர் அன்று கலவை அறைக்குத் திரும்பக் கூடாது. அதை மீறும் ஒருவரே போதும்.

எச்எல்ஏவில் ‘டிஆர்பி1*04’ என்று வகைக் குடும்பத்தின் பெயர் மட்டும் கிடைத்ததும் நிறுத்திவிடுகிறார்கள், அது அரைகுறை வேலை. வாதத்தோடு தொடர்புள்ளது 70 முதல் 74 வரையான அமினோ அமில வரிசை. அந்தக் குடும்பத்தின் உள்வகைகளில் *04:01, *04:04 இரண்டிலும் அது உண்டு; *04:02, *04:03 இரண்டிலும் இல்லை. *10:01, *01:01 வகைகளிலும் உண்டு. அதனால் நான்கு இலக்கம் வரை பார்க்காத முடிவை அட்டவணையில் ஏற்றுவதில்லை.

ஹெச்பிவி பாசிட்டிவ் என்றதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “அப்போ புத்துநோயா, மேடம்?” இதற்கு மாதிரி எடுக்கும்போதே பதில் சொல்லி வைக்க வேண்டும்: “இல்லம்மா, கிருமி இருக்கு, அவ்வளவுதான். நிறைய பேருக்கு ரெண்டு வருஷத்துல தானாப் போயிடும். உங்களுக்குப் போகுதா, தங்குதான்னு பார்க்கணும்.” வகை 16, 18 என்றால் காத்திருக்காமல் கோல்போஸ்கோபிக்கு (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை) அனுப்புகிறோம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் இந்த இரண்டால்தான். முடிவை அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். வீட்டுக்காரரிடமோ எஸ்டேட் மேஸ்திரியிடமோ கொடுத்தனுப்பக் கூடாது. மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர் என்றால் அவரே மாத்திரையை நிறுத்திவிடாதபடி, வாதம் பார்க்கும் டாக்டருக்கும் ஒரு கடிதம் அதோடு சேர்த்துக் கொடுக்கிறோம்.