ஆட்டோவுக்கு எத்தனை ஹிட் பாயிண்ட்?

டேபிள்டாப் ரோல்பிளே, அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் ஆட்டத்தில், வண்டிக்கு எண் (எவ்வளவு அடி தாங்கும் என்ற ஹிட் பாயிண்ட், வேகம் எல்லாம்) போடச் சொன்னால் பாதிப் பேர் கையைப் பிசைவார்கள், மீதிப் பேர் "பஸ்ஸா, 500 போடு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். வேலூரில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துக்கொண்டே எங்கள் ஆட்டக் குழுவுக்கு வண்டிக் கணக்கு போட்டுக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எடையும் வேகமும் கையில் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. அது பரீட்சைக்கும் உதவும், எப்படி என்று பிறகு வருகிறேன்.

நாங்கள் ஆடுவது கர்ப்ஸ் (GURPS) என்ற ரோல்பிளே ஆட்டம், நான்காம் பதிப்பு. வண்டிக் கணக்குக்கு இதுதான் வசதி, ஏனென்றால் இதில் ஒரு சுற்று (எல்லோரும் ஒருமுறை ஆடி முடிப்பது) என்பது ஆட்டக் கதையில் 1 விநாடி, தூரம் கெஜத்தில், அதனால் வேகத்தை நேரடியாக மாற்றிவிடலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் சுற்று 6 விநாடி, தூரம் அடியில், அங்கே மாற்றும் கணக்கு வேறு. எந்த ஆட்டமானாலும் ஒரு சுற்று எத்தனை விநாடி என்று பார்க்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.

எடைக்கு எங்கேயும் தேட வேண்டாம். சரக்கு வண்டிகளின் இடது பக்கத்தில் பெயிண்டில் யு.எல்.டபிள்யூ. என்று வெற்று எடையும், பக்கத்திலேயே மொத்தச் சுமையோடு சேர்ந்த எடையும் எழுதியிருக்கும். சத்துவாச்சாரி பக்கம் நெடுஞ்சாலை ஓரம் நிற்கும் லாரிகளைப் பார்த்தாலே ஒரு நோட்டுக்குத் தேறும். (ஒரு டிரைவர் "இன்னா தம்பி எழுதினு கீற, ஆர்டிஓ ஆளா நீ?" என்று கேட்டார், ஆட்டம் என்று விளக்கியதில் அவருக்குச் சந்தேகம் கூடியதுதான் மிச்சம்.) விதிப்புத்தகமும் இந்த இரண்டு எடையைத்தான் கேட்கிறது: வெற்று எடையிலிருந்து ஹிட் பாயிண்ட், மொத்த எடை தனிக் கட்டத்தில். ஆனால் புத்தகத்தின் டன் 2000 பவுண்டு, நம் டன் 1000 கிலோ, அதாவது சுமார் 2205 பவுண்டு. நம் 10 டன் அங்கே 11.

இப்போது ஹிட் பாயிண்ட். எந்திரம் என்றால் வெற்று எடையைப் பவுண்டில் எடுத்து, அதன் கனமூலத்தை 4-ஆல் பெருக்க வேண்டும். ஆட்டோவை 350 கிலோ என்று வைத்தால் 772 பவுண்டு. 9-இன் கனம் 729, ஆகவே கனமூலம் 9-க்குச் சற்று மேலே, 9.17. நாலால் பெருக்கினால் 37. பஸ்ஸை 10 டன் என்று வைத்தால் 22,046 பவுண்டு, கனமூலம் 28, ஹிட் பாயிண்ட் 112.

இங்கேதான் எல்லோரும் சண்டைக்கு வருவார்கள். எடை 28 மடங்கு கூடியிருக்கிறது, ஹிட் பாயிண்ட் மூன்றே மடங்கா? ஒரு பெட்டியை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரண்டு மடங்காக்குங்கள், எடை எட்டு மடங்காகிவிடும், கனமூலம் இரண்டுதான் ஆகும். அதாவது வண்டி எவ்வளவு கனம் என்பதைவிட எவ்வளவு பெரிசு என்பதைத்தான் இந்த எண் பின்தொடர்கிறது. சரிபார்க்க மனிதனையே போட்டுப் பாருங்கள்: உயிருள்ளதற்கு 4-க்குப் பதில் 2, 68 கிலோ ஆளுக்குக் கிட்டத்தட்ட 10 வரும், புத்தகத்தில் சராசரி ஆளுக்கு இருப்பதும் அதே 10. 500 போட்டவரிடம் இதைக் காட்டினால் போதும்.

வேகம் சுலபம். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை 0.304-ஆல் பெருக்கினால் விநாடிக்கு இத்தனை கெஜம். ஆட்டோ 50-இல் போனால் 15, பஸ் 80-இல் போனால் 24. மோதலுக்கு, ஹிட் பாயிண்டையும் வேகத்தையும் பெருக்கி 100-ஆல் வகுத்தால் எத்தனை பகடை உருட்ட வேண்டும் என்று வரும் (விழும் எண்களின் கூட்டல்தான் சேதம், அது ஹிட் பாயிண்டில் கழியும்): ஆட்டோவுக்கு 6, பஸ்ஸுக்கு 27. ஆறு பகடையிலேயே சராசரியாக 21 சேதம் வரும், எதிரே நிற்கிற சாதாரண ஆளுக்கு அது போதும் போதும்.

ஏற்றம்தான் எனக்குப் பிடித்த இடம். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு ஏறுகிற துரத்தல் காட்சி எங்கள் ஆட்டத்தில் வந்தது. ஆட்டோ ஆட்களோடு 600 கிலோ, 8 சதவீதச் சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே இழுக்கும் விசை 600 × 9.8 × 0.08, சுமார் 470 நியூட்டன். டயர் உருளும் தடைக்கு ஒரு 90 சேருங்கள், மொத்தம் 560. சக்கரத்துக்கு 5 கிலோவாட் வந்து சேர்ந்தால் 5000-ஐ 560-ஆல் வகுக்க விநாடிக்கு 8.9 மீட்டர், அதாவது மணிக்கு 32 கிலோமீட்டர், ஆட்டத்தில் 10 கெஜம். சமதளத்தில் 15 போன வண்டி மலையில் 10. இந்த அளவுக்குப் போகச் சொல்லி விதி இல்லை, ஆனால் துரத்தலுக்கு உயிர் வருவது இங்கேதான்.

பாலாற்று மணலில் இறங்கினால் வேறு கதை. சாலைக்கே ஆன வண்டி சாலையை விட்டு இறங்கினால் அதன் உச்ச வேகம் முடுக்கத்தைப் போல நாலு மடங்கைத் தாண்டக்கூடாது. ஆட்டோவின் முடுக்கம் 1 (விநாடிக்கு விநாடி வேகம் 1 கெஜம் கூடும்) என்று வைத்தால், உச்ச வேகம் விநாடிக்கு 4 கெஜம். ஓடத் தெரிந்த ஆள் முந்திவிடுவார்.

கையாளும் திறன், நிலைத்தன்மை இரண்டுக்கும் சூத்திரம் தேடாதீர்கள். காருக்கு 0/4, மோட்டார் சைக்கிளுக்கு +1/2 (முதல் எண் கையாளும் திறன், அடுத்தது நிலைத்தன்மை) என்று புத்தகத்தில் இருப்பதை வைத்து, முன்னால் ஒற்றைச் சக்கரம், திருப்பத்தில் சாயும் குணம் என்று யோசித்து ஆட்டோவுக்கு நான் 0/3 போட்டேன். யாராவது 2 என்றால் வாதாட மாட்டேன்.

பரீட்சை விஷயம். 11-ஆம் வகுப்பு இயற்பியலில் அலகுகளும் பரிமாணப் பகுப்பாய்வும் படிக்கிற தம்பி தங்கைகள் இந்த மாற்றங்களை ஒவ்வொரு வரியிலும் அலகோடு எழுதிப் பழகுங்கள். எங்கள் டிப்ளமோவில் சாய்தளக் கணக்கு வந்தபோது எனக்கு ஏலகிரிதான் ஞாபகம் வந்தது, விசை, திறன், வேகம் என்ற வரிசை தானாகவே வந்தது. கால்குலேட்டர் இல்லாமல் 1 முதல் 10 வரை கனங்கள் வாய்ப்பாடாகத் தெரிந்திருக்கட்டும்.

பழக ஒரு கணக்கு: 400 கிலோ கட்டை வண்டி, இரண்டு மாடு. ஹிட் பாயிண்டை வண்டிக்குத் தனியாகவும் மாடுகளுக்குத் தனியாகவும் போடுங்கள், வேகத்தை மாட்டிலிருந்து எடுங்கள். வண்டிக்கு என்று முடுக்கம் எதுவும் எழுத வேண்டாம்.