பதினொன்றரை நிமிடப் பாட்டு

2000ஆம் ஆண்டுவாக்கில் ஐந்தாம் படிவம் படித்த நம் செட்டுக்கு, மலேசியாவின் சுங்கை சிப்பூட் பசார் மாலாம் (இரவுச் சந்தை) என்றதும் அப்பம் பாலிக் பலகாரத்தோடு டெலிரியத்தின் ‘சைலன்ஸ்’ பாட்டும் நினைவுக்கு வரும். தோட்டத்துத் திருவிழாவில் உறுமி கேட்டு வளர்ந்த காது. விடாமல் அடிக்கும் தாளம் அதற்குப் புதிதில்லை. தாளம் நின்ற பிறகு அந்தக் குரல் தனியாக எழுவதுதான் புதிது.

இதை டச்சு டிஜே டியெஸ்டோவின் பாட்டு என்றே பலர் சொல்கிறார்கள். அவர் செய்தது ரீமிக்ஸ், அதாவது இருந்த பாட்டின் மறுவடிவம். மூலப் பாட்டு, கனடாவின் டெலிரியம் இசைக்குழு 1997இல் ‘கர்மா’ தொகுப்பில் தந்த மெதுவான பாட்டு. பாடியவர் சாரா மெக்லாக்லன். முதலில் அதைக் கேளுங்கள். 2000இல் பிரிட்டன் பட்டியலில் 3ஆம் இடம் வரை ஏற்றிவிட்டவை பிறகு வந்த டிரான்ஸ் (வேகமான மின்னணு நடன இசை) ரீமிக்ஸ்கள்.

ரேடியோ எடிட் (வானொலிக்காகச் சுருக்கியது) என்றால் பொதுவாக நான்கு நிமிடம்தான். முன்தாளத்தை வெட்டிவிட்டுக் குரலைச் சீக்கிரம் கொண்டுவரும். டியெஸ்டோவின் முழு ரீமிக்ஸ் பதினொன்றரை நிமிடம். இத்தகைய நீண்ட மிக்ஸ்களில் தொடக்கத்துத் தாளத்தை வீண் என்று தள்ளக் கூடாது. முந்தைய பாட்டோடு டிஜே இணைப்பது அங்கேதான். நிமிடத்துக்கு 136 அடி ஓடினால் 32 பார் (பாருக்கு நான்கு அடி) என்பது சுமார் 56 விநாடி. அந்தத் தொடக்கத் தாளம் இல்லாமல் இணைத்தால் குரல்மேல் குரல் மோதும். நடுவில் தாளம் அடங்கிக் குரல் ஆலாபனைபோல் விரியும். பிறகு ஸ்நேர் டிரம் நெருங்கி நெருங்கி அடித்து, கிக் என்ற கனத்த டிரம் அடி திரும்பி விழும். காத்திருந்த அளவுக்குத்தான் அந்த அடிக்குக் கனம். சுருக்குகிறவர்கள் கத்தரி வைப்பதும் அங்கேதான். என் காது அதை ஒப்புவதே இல்லை.

வேகத்தைக் கூட்டும்போதும் கவனம் வேண்டும். டர்ன்டேபிளில் 6 சதவீதம் கூட்டினால் சுருதி ஏறத்தாழ அரைச் சுரம் ஏறிக் குரல் கீச்சிடும். சுருதியைப் பூட்டிவிட்டு வேகத்தை மட்டும் மிகவும் மாற்றினால், நீட்டிப் பாடிய இடங்களில் குரல் நடுங்கும்.

கேசட் இன்னும் வைத்திருப்பவர்களுக்கு: 90 நிமிட நாடாவில் ஒரு பக்கம் 45. இந்த நீளத்தில் மூன்று பாட்டுதான் தாராளமாக அடங்கும்; நான்காவது கடைசி நிமிடத்தில் அறுந்துவிடும்.

சங்க விருந்தில் இதைப் போடுவதாக இருந்தால் வயரை முதலில் பாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால் நடுவில் நிற்க வேண்டிய குரல் இடம் தெரியாமல் கலையும், பேஸும் மெலியும். மோனோவில் (இரு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி) ஓடவிட்டு, ஒரு ஸ்பீக்கரின் வயரை மட்டும் மாற்றிப் பாருங்கள். எப்போது பேஸ் கனக்கிறதோ அதுவே சரி. மாற்றுமுன் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட வேண்டும். பாட்டிலேயே எதிரொலி நிறைய இருக்கிறது, தகரக் கூரை மண்டபம் இன்னும் சேர்க்கும். அதனால் மிக்சரில் ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) வேண்டாம். 250 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபெல் குறைத்தால் சொற்கள் தெளியும்.

சவுண்ட் சிஸ்டம்காரரிடம் முன்னமே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: நடுவில் தாளம் நிற்கும், பாட்டு முடியவில்லை, கை வைக்க வேண்டாம்.