கறுப்போடு கறுப்பைச் சேர்த்த கதை

கனடாவிலிருந்து அக்கா கப்பலில் அனுப்பிய பெட்டியில் ஐந்து விளக்குகள் இருந்தன. கொக்குவிலில் அப்பா கட்டிய வீட்டின் மண்டபத்தையும் விறாந்தையையும் திருத்திக்கொண்டிருந்தோம். பெட்டி ஒழுங்காக வந்தது, மேசன் வேலையும் ஒழுங்காக முடிந்தது. விளக்குகளை மாட்டத் தொடங்கிய பிறகுதான் தலையிடி.

முதலில் போனது கூரையோடு ஒட்டும் வட்ட எல்இடி விளக்கு. சுவிட்சைப் போட்டதும் 'டப்' என்று ஒரு சத்தம், பின்னாலேயே கருகல் மணம். இறக்கிப் பார்த்தால் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். எங்களுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். மாட்டுவதற்கு முன் வாசித்திருக்க வேண்டியதை, எரிந்த பின் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தேன்.

நல்லவேளை, எரிந்தது உள்ளே இருந்த டிரைவர் மட்டும், அதாவது வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி. ஸ்ரான்லி வீதிக் கடையொன்றில் "எத்தனை வாட்ஸ் அண்ணை?" என்று மட்டும் கேட்டு ஒன்றைத் தந்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்தால் பழையதில் 300 மில்லி அம்பியர், புதியதில் 600. மாட்டியிருந்தால் எரியாமலோ கருகியோ போயிருக்கும். மறுநாள் பழைய டிரைவரையே பையில் போட்டுக்கொண்டு போனேன். வெளியே வரும் மில்லி அம்பியரும் வோல்ட் அளவும் பொருந்துகின்றனவா என்று நானே வாசித்து வாங்கினேன். கடைக்காரரின் முகம் கோணியது. கோணட்டும், விளக்கு இன்றுவரை எரிகிறது.

மற்ற நான்கும் திருகு பல்பு போடும் தொங்கு விளக்குகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரான்ஸ்போமர் வாங்கச் சொன்னவர்களும் உண்டு. அது தேவைப்படவில்லை. மூன்று ஹோல்டர்களில் 660 வாட்ஸ், 250 வோல்ட் என்று பொறித்திருந்தது, வயரின் உறையில் 300 வோல்ட். கூட வந்த 120 வோல்ட் பல்புகளை ஒதுக்கிவிட்டு இங்கே விற்கும் 230 வோல்ட் பல்புகளைப் போட்டோம். அங்கத்தைய திருகு 26 மில்லிமீற்றர், இங்கத்தையது 27. ஆனாலும் ஏறிக்கொள்கிறது. நான்காவது ஹோல்டரில் 125 வோல்ட் என்று இருந்ததால் அதைக் கழற்றி வேறு போட்டேன்.

இனித்தான் பெரிய கூத்து. எங்கள் பழைய வயரிங்கில் சிவப்பில்தான் மின் வரும், கறுப்பு அது திரும்பிப் போகும் நியூட்ரல். கனடா விளக்கில் மின் வர வேண்டியது கறுப்பில், நியூட்ரல் வெள்ளை. வயரிங் தம்பி கெட்டிக்காரர்தான், ஆனால் அவசரக்காரர். கறுப்போடு கறுப்பை முறுக்கினார், மிஞ்சிய வெள்ளையைச் சிவப்போடு சேர்த்தார். பல்பு எரிந்தது. அதற்கு எந்தப் பக்கத்தால் வந்தாலும் ஒன்றுதான். ஆனால் ஹோல்டரின் நடுப் பொட்டுக்கு வர வேண்டிய மின், விரல் படக்கூடிய திருகு வளையத்துக்கு வந்துவிட்டது.

ஒரு கிழமை கழித்து பல்பு மாற்ற ஏறினேன். சுவிட்சை நிறுத்தாமல் ஏறியது என் மடத்தனம். விரல் வளையத்தில் பட்டதும் தோள்வரை ஒரே உதறல். மின் கசிந்தால் தானாக நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் விழவேயில்லை. அது 30 மில்லி அம்பியர் கசிந்தால்தான் விழும். மர ஏணியும் இறப்பர் செருப்பும் அவ்வளவு பாய விடவில்லை.

மெயினை நிறுத்தி விளக்கைக் கழற்றினால் அடுத்த அதிசயம்: கசியும் மின்னை நிலத்துக்குக் கொண்டுபோகும் எர்த்துக்கான வெறும் செப்புக் கம்பியைக் குட்டையாக வெட்டி, டேப் சுற்றி ஒளித்திருந்தார். தொலைபேசியில் கேட்டேன். "பழைய வீடுகளில் விளக்குக்கு எர்த் இழுப்பதில்லையே, அண்ணை" என்றார். விளக்கின் உடம்பு முழுவதும் இரும்பு! நல்ல காலம், சீலிங் இன்னும் அடிக்கவில்லை. நான்குக்கும் புதிதாக எர்த் வயர் இழுக்க வைத்தேன். கறுப்பைச் சிவப்போடும் வெள்ளையைக் கறுப்போடும் மாற்ற வைத்தேன். புதிய வயரிங் உள்ளவர்கள் கறுப்பை மண்ணிறத்தோடும் வெள்ளையை நீலத்தோடும் சேர்க்க வேண்டும். பிறகு நான்கு ஹோல்டர்களிலும் அவரையே டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். நடுப் பொட்டில் எரிந்தது, வளையத்தில் எரியவில்லை. அதற்குப் பிறகுதான் மிச்சக் காசைக் கொடுத்தேன்.

அக்கா வீடியோவில் மண்டபத்தைப் பார்த்து, அடுத்த பெட்டியில் சீலிங் விசிறி ஒன்று போடட்டுமா என்று கேட்டார். மோட்டருக்கு வோல்ட்டோடு அந்த 60 ஹேர்ட்ஸும் சேர்ந்து பிரச்சினை தரும். சொக்லேட் போதும் என்று சொல்லிவிட்டேன்.