எடை மேடையில் ஏறிய பேய்

ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் ரோட்டில் என் மாமா எடை மேடை வைத்திருக்கிறார். நெல், வைக்கோல், ஜல்லி, பழைய இரும்பு என்று எல்லா லோடும் அதில் ஏறி இறங்கும். லோடோடு ஒரு எடை, காலியாக ஒரு எடை, கழித்தால் சரக்கு எடை. மேடையால் அவருக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை. தொந்தரவெல்லாம் பக்கத்து அறையில் இருக்கிற கம்ப்யூட்டரால்தான்.

பழைய கம்ப்யூட்டர் கோடை மழை இடியில் போய்விட்டது. அதன் முதுகில் ஒன்பது ஊசி வைத்த சீரியல் போர்ட் இருந்தது. புதிதாக வாங்கியதில் அது கிடையாது. ஆர்எஸ்-232 என்ற அந்த இணைப்பு முறை 1960இல் வந்தது. வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அதை எப்போதோ கைகழுவிவிட்டன. எடை மேடை இண்டிகேட்டர்கள் கைகழுவவில்லை. சிவப்பு எண்களில் கிலோவைக் காட்டுகிற அந்தப் பெட்டிக்கு, எடையைக் கம்ப்யூட்டரிடம் சொல்ல இரண்டு மூன்று கம்பி போதும், நீளமான கேபிளிலும் பேசிவிடும். அதனால் யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றுகிற கேபிள் ஒன்றை வாங்கிச் செருகினார்கள். இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது.

அப்புறம் மாமாவிடமிருந்து போன். "மாப்ள, மவுஸ் தானா நடக்குது."

"கை பட்டிருக்கும் மாமா."

"கையே வைக்கலடா. நாங்க எல்லாரும் தள்ளி நின்னு பாத்துக்கிட்டு இருக்கோம்."

பில் போடுகிற அக்கா போனை வாங்கி முழு விவரமும் சொன்னார். பாயிண்டர் அங்கிட்டும் இங்கிட்டும் துள்ளுகிறது. தானாகக் கிளிக் ஆகிறது. ரீசைக்கிள் பின்னைத் திறந்து பார்க்கிறது. மேடையில் லாரி ஏறினால் ஆட்டம் வேறு மாதிரி, இறங்கினால் வேறு மாதிரி. போதாததற்கு, பில் போடும் சாஃப்ட்வேரைத் திறந்தால் காம்3 போர்ட்டுக்கு அனுமதி மறுக்கப்பட்டது என்று வருகிறது. காம்3 என்பது அந்தக் கன்வெர்ட்டர் கேபிளுக்கு விண்டோஸ் வைத்த பெயர். சாஃப்ட்வேர் கொடுத்தவரிடம் கேட்டால், அட்மினிஸ்ட்ரேட்டராக ரன் பண்ணுங்கள், ஆன்டிவைரஸ் போடுங்கள், முடியாவிட்டால் விண்டோஸை மறுபடி போடுங்கள் என்று மூன்று வைத்தியமும் ஒரே மூச்சில் சொன்னாராம். மூன்றையும் செய்தாயிற்று. விண்டோஸ் புதிதானது, ஆட்டம் நிற்கவில்லை. மாமா அதற்குள் பாண்டி கோயிலுக்கு ஒரு கிடா நேர்ந்துவிட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். நான் போன நேரம் பேய் இல்லை. மவுஸ் சாதுவாக இருந்தது, சாஃப்ட்வேர் திறந்தது, எடை வந்தது. மாமாவின் முகத்தில் அப்படி ஓர் ஏமாற்றம். "ஆள் பாத்து அடங்குது பாத்தியா" என்றார்.

போர்ட் விஷயத்தில் அனுமதி மறுப்பு என்றால் முக்கால்வாசி நேரம் பாஸ்வேர்டுக்கும் அட்மினுக்கும் சம்பந்தமே இருக்காது. விண்டோஸில் ஒரு சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரே புரோகிராம்தான் திறந்து வைத்திருக்க முடியும். பஸ் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு ஒருவர் சீட் பிடித்துவிட்டால், டிக்கெட் வைத்திருப்பவரும் நிற்க வேண்டியதுதான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, துண்டு போட்டது யார் என்பது. சாஃப்ட்வேர் இரண்டு தடவை திறந்து, ஒன்று பின்னால் ஒளிந்திருக்கிறதா என்று டாஸ்க் மேனேஜரில் பார்த்தேன். இல்லை.

துப்பு கொடுத்தது அக்காதான். "கரண்ட் போயி வந்தாத்தான் தம்பி இது வரும். காலைல நான் வந்து போட்டா வராது."

"ராத்திரி கரண்ட் போறப்ப வராம பகல்லயா பேய் வரும்?" என்று மாமா தன் கட்சிக்கே எதிராக ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்.

காலையில் அக்கா என்ன செய்வார் என்று கேட்டேன். முதலில் கம்ப்யூட்டரைப் போடுவார். அது எழுந்து வருவதற்குள் அறையைக் கூட்டி, சாமி படத்துக்குப் பூ வைத்து, அப்புறம்தான் இண்டிகேட்டரைப் போடுவார். கரண்ட் போனால் கதை வேறு. இண்டிகேட்டருக்குள் பேட்டரி இருக்கிறது, அது அணையாது. கம்ப்யூட்டருக்கு ஒரு யூபிஎஸ் இருக்கிறது, சந்தனப் பொட்டோடு மேசைக்கு அடியில். அதன் பேட்டரி செத்து வெகுநாள். ஆக, கரண்ட் வந்து கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது, இண்டிகேட்டர் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறது.

இண்டிகேட்டர் பக்கத்துக் கேபிளைக் கழற்றிவிட்டு கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தேன். ஆட்டம் இல்லை. கன்வெர்ட்டர் கேபிள் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க அக்காவிடம் ஓர் ஊக்கு கேட்டேன். வளையலிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒன்பது ஊசியில் 2ஆவது கேட்கிற காது, 3ஆவது பேசுகிற வாய். இரண்டையும் ஊக்கால் இணைத்தால் நாம் அனுப்புகிற எழுத்து நமக்கே திரும்பி வரும். டெர்மினல் புரோகிராமில் "மதுரை" என்பதை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன், அப்படியே திரும்ப வந்தது. எனக்கு சந்தோஷம். அக்கா, "நீங்க அடிச்சதுதானே தம்பி வருது, இதுல என்ன இருக்கு?" என்றார். சரிதான். ஊக்கைக் கொடுத்துவிட்டேன்.

இப்போது இண்டிகேட்டரை ஓடவிட்டு, கேபிளை மாட்டி, ரீஸ்டார்ட். வந்தது! பாயிண்டர் திரை முழுக்கக் குதித்தது. வலது கிளிக் மெனுக்கள் பூத்துப் பூத்து மறைந்தன. மாமா ஓர் அடி பின்னால் போய் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். வெளியே வைக்கோல் லாரி ஒன்று மேடையில் ஏற, ஆட்டத்தின் தாளமும் மாறியது. "சொன்னேன்ல" என்றார், ஜெயித்த குரலில்.

கேபிளை உருவினேன், நின்றது. டிவைஸ் மேனேஜரைத் திறந்து மவுஸ்கள் பகுதியைப் பார்த்தால், மேசையில் இருப்பது ஒரு மவுஸ், பட்டியலில் இருப்பது இரண்டு. இரண்டாவதன் பெயர் சீரியல் பால்பாயிண்ட்.

1990களின் தொடக்கத்தில் மடிக்கணினியின் ஓரத்தில் மாட்டிக்கொள்கிற உருண்டை மவுஸ் ஒன்று வந்தது, அதன் பெயர் அது. அந்தக் காலத்து மவுஸ்கள் சீரியல் போர்ட்டில்தான் மாட்டும். அந்தப் பழக்கத்தில் விண்டோஸ் இன்றைக்கும் கண் விழிக்கும்போது சீரியல் போர்ட்டில் யாராவது இருக்கிறார்களா என்று காது கொடுத்துக் கேட்கிறது. அந்த நேரம் பார்த்து மறுமுனையில் ஒன்று ஓயாமல் பேசிக்கொண்டிருந்தால், மவுஸ்தான் பேசுகிறது என்று முடிவு கட்டி, மவுஸை இயக்குகிற டிரைவர் என்ற மென்பொருளையும் போட்டுவிடும். ஜிபிஎஸ் கருவி மாட்டுகிறவர்களுக்கும் இதே கூத்து நடக்கும். இங்கே இண்டிகேட்டர் கிலோ கிலோ என்று கத்தியது, விண்டோஸ் அதை இடது வலது என்று புரிந்துகொண்டது. துண்டு போட்டதும் அந்த மவுஸ் டிரைவர்தான். போர்ட் அதன் கையில் இருக்கும்போது பில் சாஃப்ட்வேருக்கு எப்படி அனுமதி கிடைக்கும்?

மாமாவுக்கு விளக்கினேன். கொஞ்ச நேரம் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அந்த லாரிய இது மவுஸுன்னு நெனச்சுச்சா? இருபது டன் மவுஸா மாப்ள?"

பால்பாயிண்ட்டை டிசேபிள் செய்தேன். அன்இன்ஸ்டால் செய்தால் பிரயோஜனமில்லை, அடுத்த ரீஸ்டார்ட்டில் திரும்ப வந்து உட்காரும். டிசேபிள் செய்தால் பெயர் மட்டும் பட்டியலில் கிடக்கும். மெயினை அணைத்துப் போட்டுப் பார்த்தோம். மவுஸ் அசையவில்லை, சாஃப்ட்வேரில் எடை வந்தது. நேர்ந்த கிடாவை என்ன செய்வது என்று மாமி கேட்டார். நேர்ந்ததை மாற்றக் கூடாது என்றார் மாமா. அந்தச் சாப்பாட்டைப் பற்றித் தனியாக எழுதலாம், அத்தனை ருசி.

ஆயுத பூஜைக்கு மறுநாள் மறுபடி போன். பூஜைக்காக எல்லா வயரையும் உருவி, துடைத்து, பொட்டு வைத்து, திரும்பச் செருகியிருக்கிறார்கள். கன்வெர்ட்டர் கேபிள் வேறொரு யூஎஸ்பி துளைக்குப் போய்விட்டது. நிறைய கன்வெர்ட்டர்களில் துளை மாறினால் விண்டோஸுக்கு அது புத்தம் புதிய ஆள்: காம்3 போய் காம்7 ஆகும், டிசேபிள் செய்த பால்பாயிண்ட்டும் புது ஜென்மம் எடுத்து வரும். இந்தத் தடவை வேரிலேயே கை வைத்தேன். விண்டோஸ் தன் அமைப்புகளை எல்லாம் குறித்து வைக்கிற ரெஜிஸ்ட்ரியில், சர்வீசஸ் பகுதியில் சர்மவுஸ் என்று ஒன்று இருக்கும். அதில் ஸ்டார்ட் என்ற மதிப்பு 3 ஆக இருந்ததை 4 ஆக்கினால் சீரியல் மவுஸ் டிரைவர் எந்தத் துளையிலும் எழுந்து வராது. சீரியல் மவுஸ் வைத்திருப்பவர்கள் இதைச் செய்யக் கூடாது. அப்படி யாராவது இருந்தால் அந்த மவுஸைப் பார்க்க எனக்கு ஆசை. காம் எண்ணை டிவைஸ் மேனேஜரில் போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று போய்த் திரும்ப 3 ஆக்கினேன். அக்கா அந்தத் துளைக்கு மேலே "இதில் மட்டும்" என்று எழுதி ஒட்டினார், பக்கத்தில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார்.

போன வாரம் திருமங்கலம் பக்கத்திலிருந்து இன்னொரு எடை மேடைக்காரர் கூப்பிட்டார். மாமாதான் நம்பர் கொடுத்திருக்கிறார். அவர் கம்ப்யூட்டரில் மவுஸ் ஆடவில்லையாம். எடைக்குப் பதிலாக ஒன்றும் புரியாத கிறுக்கலாக வருகிறதாம். இண்டிகேட்டரில் பாட் ரேட், அதாவது பேசுகிற வேகம், என்ன இருக்கிறது, சாஃப்ட்வேரில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். அங்கே 2400, இங்கே 9600. இரண்டையும் ஒன்றாக்கச் சொன்னேன், அடுத்த நிமிடமே எடை வந்துவிட்டது.

நன்றி சொன்னவர் போனை வைக்காமல் கொஞ்சம் தயங்கினார். "தம்பி, இதுக்கு கிடா வேணுமா, கோழி போதுமா?"